ரங்கூன் தாத்தாவோட பேரு

குமரவேல்: கதவ ஏன் சாத்துற? வேர்த்து ஊத்துது.

திலகவதி: இருக்கட்டும்ண்ணா. அப்பா தூங்குறாரா?

குமரவேல்: பின்னாடி ரூம்புல படுத்துகினு கெடக்கார். நீ இன்னா இந்நேரத்துல? பள்ளிக்கூடம் விட்டிருக்க மாட்டாங்களே.

திலகவதி: பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். அண்ணி எங்க?

குமரவேல்: கடலூருக்குப் போயிருக்கா. நம்ம பொண்ணு எழிலு நிச்சயத்துக்கு ரவிக்க தைக்கக் குடுத்தா இல்ல, அத வாங்கியாற. நான் இப்பதான் பஸ்ட் ஷிப்ட் முடிச்சி வந்து தட்டுல கைய வச்சேன். டீச்சரம்மா வந்து கதவ சாத்துறாங்க.

திலகவதி: சாப்பிடு. சாப்பிட்டுட்டே கேளு.

குமரவேல்: உன் மூஞ்சப் பாத்தா சோறு எறங்காது. மொதல்ல சொல்லிடு.

திலகவதி: தாத்தா எப்ப செத்தார்?

குமரவேல்: எந்தத் தாத்தா?

திலகவதி: ரங்கூன் தாத்தா. அப்பாவோட அப்பா.

குமரவேல்: எம்பத்தாறு, கார்த்திகை மாசம். மழைன்னா அப்படி ஒரு மழ. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊருக்குத் தூக்கிகினு போவ வண்டி கெடைக்கல. நான் அப்ப எட்டாவது. நீ ஏழு வயசுப் புள்ள. இத கேக்கத்தான் பர்மிஷன் போட்டியா?

திலகவதி: இந்தப் பேப்பரப் படி.

குமரவேல்: கையெல்லாம் கொழம்பு. நீயே படி.

திலகவதி: 'சிப்பாய் வைத்திலிங்கம். தகப்பனார் கோவிந்தன். மனைவி பட்டம்மாள்.' நம்ம ஊரு பேரு போட்டிருக்கு. தாலுகா போட்டிருக்கு. 'இரண்டாம் உலகப் போர், பர்மா முனை. 1944 ஏப்ரலில் இறந்தார்.' பர்மாவுல ஒரு மண்டபத்துக் கல்லுல பேரு வெட்டியிருக்காங்களாம். பொதைச்ச எடம் தெரியாதவங்க பேரெல்லாம் அங்க இருக்காம்.

குமரவேல்: வேற யாராவது இருப்பாங்க. வைத்திலிங்கம்னு ஊருக்கு நாலு பேரு இருந்தான் அந்தக் காலத்துல.

திலகவதி: அப்பா பேரு கோவிந்தன், பொண்டாட்டி பேரு பட்டம்மா, ஊரு நம்ம ஊரு. நாலு பேருக்குமா அப்படி இருக்கும்?

குமரவேல்: வெள்ளக்காரன் தப்பா எழுதியிருப்பான். நம்ம ரேஷன் கார்டுலயே என் பேரு குமாரவேலுன்னு இருக்கு.

திலகவதி: கார்டுல எழுத்துத் தப்பா வரும்ண்ணா. உசுரோட இருக்குறவர செத்துட்டார்னு கல்லுல வெட்டுவாங்களா?

குமரவேல்: இத எங்க புடிச்ச நீ?

திலகவதி: நீதான சொன்ன. மைன்ஸுக்கு எடுக்குற நெலத்துக்கு செவ்வாக்கெழம வாரிசு விசாரண இருக்கு, நம்ம வம்சாவளிய சரியா எழுதி எடுத்துகினு வான்னு. தாத்தா எந்த வருசம் ரங்கூன் போனார், எந்த வருசம் வந்தார்னு யாருக்கும் தெரியல. எங்க ஸ்கூல்ல ஹிஸ்டரி சார் கருணாகரன் இருக்கார் இல்ல, அவர்கிட்ட கேட்டேன். கப்பல்ல போனவங்க பேரு எங்கயாவது இருக்குமா சார்னு. அவர் ரெண்டு வருசமா இந்தப் பக்கத்துலேர்ந்து போருக்குப் போனவங்களத் தேடிச் சேத்துட்டு இருக்கார். நான் கப்பலக் கேட்டேன். அவர் பட்டாளத்தக் காட்டுறார்.

குமரவேல்: பட்டாளமாவது ஒண்ணாவது. தாத்தா போனது அரிசி மில்லுக்கு.

திலகவதி: போன காலத்துல எப்படிப் போனாரோ. நாப்பத்தொண்ணுல பட்டாளத்துல சேந்திருக்கார். மலையில ரோடு போடுற கம்பெனி. நம்பர்கூட இருக்கு.

குமரவேல்: மெதுவாப் பேசு. பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு கேக்கும்.

திலகவதி: எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லண்ணா. அவர் எப்படி இருப்பார்னு யோசிச்சிகினே கெடந்தேன். மொகத்துல பாதி வெந்துபோயி, ஒரு காது இல்லாம... மில்லுல பாய்லர் வெடிச்சிதுன்னு ஆயா சொல்லும். அது நெசம்னா, மைன்ஸ்ல வெடி வச்சா அவர் ஏன் கட்டிலுக்கு அடியில போயிப் படுக்கணும்? மொழங்கால நெஞ்சோட வச்சிகினு, காதப் பொத்திகினு. ஆயா குனிஞ்சி முதுகத் தட்டும். 'ஒண்ணும் இல்ல, நெலக்கரி வெடி, நெலக்கரி வெடி'ன்னு. நானும் கூட உள்ள போயிப் படுத்துக்குவேன். வெளையாட்டுன்னு நெனச்சிகினு.

குமரவேல்: வயசான மனுசன். சத்தத்துக்கு பயந்திருப்பார்.

திலகவதி: யாராவது புது ஆளு வந்து பேரு கேட்டா ஆயாதான் பதில் சொல்லும். கணக்கெடுக்க வந்தா அவர் முந்திரிக் கொல்லைக்குப் போயிடுவார். கல்யாணத்துக்குப் போனா கடைசிப் பந்தி, கடைசி எல. நம்ம வூட்டுக் கல்யாணத்துலயே. இதெல்லாம் உனக்கு ஞாபகம் இல்லயா?

குமரவேல்: இருக்கு.

திலகவதி: அப்பா பொறந்தது நாப்பத்தெட்டு. இந்தக் காகிதத்துல இருக்குறவர் நாப்பத்துநாலுல செத்துட்டார்.

குமரவேல்: எனக்குக் கணக்கு தெரியும் திலகா.

திலகவதி: நான் பயந்துகினு வந்திருக்கேன். நீ சோத்தப் பெசஞ்சிகினு இருக்க.

குமரவேல்: இந்தக் காகிதத்த வேற யாரு பாத்திருக்கா? அதச் சொல்லு மொதல்ல.

திலகவதி: கருணாகரன் சார்.

குமரவேல்: அப்புறம்?

திலகவதி: அச்சடிக்கப் போறாங்க. சின்னப் புத்தகமா. நாப்பத்திச்சொச்சம் பேரு.

குமரவேல்: போச்சி.

திலகவதி: ஏன்?

குமரவேல்: ஏன்னு கேக்குற. பங்காளி வூட்டு அருண்பிரசாத்து வக்கீலுக்குப் படிச்சிட்டு எதுக்குக் காத்துகினு இருக்கான்? போன விசாரணையிலயே எழுதிக் குடுத்திருக்கான். 'எதிர்த்தரப்பார் வைத்திலிங்கத்தின் உண்மையான வாரிசுகள் அல்ல'ன்னு. அவங்க தாத்தா காலத்துலேர்ந்து பேசுற பேச்சு. வெறும் வாய்ப்பேச்சா இருந்திச்சி. தாசில்தார் ஆதாரம் இருக்கான்னு கேட்டப்ப முழிச்சான். இப்ப நீ அச்சடிச்சிக் குடுக்குற.

திலகவதி: நானா குடுக்குறேன்?

குமரவேல்: வேற யாரு? நெலம் போறது ஒரு பக்கம் கெடக்கட்டும். எப்படியும் மைன்ஸுக்குப் போற நெலம். அப்பாவுக்கு பர்மனண்ட் வேல எப்படி வந்திச்சி? மொத தடவ நெலம் குடுத்த குடும்பம்னு வந்திச்சி. நெலமே நம்மளுது இல்லன்னு ஒருத்தன் கெளப்பிவுட்டா? முப்பது வருசம் வாங்குன சம்பளத்துக்கும் இருந்த குவார்ட்டர்ஸுக்கும் இன்னா பேரு? அப்புறம் எழிலு. அடுத்த மாசம் நிச்சயம். மாப்ள வூட்டுக்காரங்க யாரு? அருண்பிரசாத்துக்கு மாமன் மொற. அவங்க காதுல விழுந்தா இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாது. ஊருக்குள்ள கொளுத்திடுவாங்க. வாயால சொல்லல. நெசமாவே கொளுத்துவாங்க.

திலகவதி: அண்ணா.

குமரவேல்: இன்னா?

திலகவதி: யாரு பாத்தான்னு கேட்ட. எங்க புடிச்சன்னு கேட்ட. அருண்பிரசாத்து, வேல, நிச்சயம்... எல்லாத்தையும் பேசிட்ட. அப்ப தாத்தான்னு நம்ம வூட்டுக்கு வந்தவர் யாருன்னு நீ கேக்கவே இல்லயே. எனக்கு ராத்திரி பூரா அந்த ஒரு கேள்விதான் ஓடிச்சி. உனக்கு அது வரவே இல்ல.

குமரவேல்: தண்ணி எடு.

திலகவதி: உனக்குத் தெரியும்.

குமரவேல்: தண்ணி எடுன்னேன்.

திலகவதி: இந்தா. குடிச்சிட்டு சொல்லு. எவ்ளோ நாளா தெரியும்?

குமரவேல்: முப்பத்தொம்போது வருசமா.

திலகவதி: ஆஸ்பத்திரியிலயா?

குமரவேல்: அப்பாவுக்கு நைட் ஷிப்ட். ஆயாவுக்குக் காய்ச்சல். நாந்தான் பகல்ல போயி அவர்கூட உக்காருவேன். ஜொரத்துல ஒளறிகினே இருப்பார். திடீர்னு எழுந்து உக்காந்து கைய நெத்திக்கிட்ட வச்சி, இந்தியில ஏதோ கத்தி, ஒரு நம்பரச் சொல்லி, பேரச் சொன்னார். நம்ம தாத்தா பேரு இல்ல.

திலகவதி: இன்னா பேரு?

குமரவேல்: தங்கராசு. ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?

திலகவதி: ஒண்ணும் இல்ல. நீ சொல்லு. முழுசா சொல்லு.

குமரவேல்: ஜொரம் எறங்கினப்பறம் நான் கேட்டேன். யாரு தாத்தா தங்கராசுன்னு. அழுதார். அந்த வெந்த கன்னத்துல கண்ணீர் நேரா எறங்காது, கோணிகினு ஓடும். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா சொன்னார். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. வைத்திலிங்கமும் அவரும். பட்டாளத்துல ஒரே தட்டுல தின்னாங்களாம். ஊர்ல இருந்தா ஒரே தெருவுல நடக்க முடியாது.

திலகவதி: அப்படின்னா...

குமரவேல்: அப்படித்தான். அவர் காலனி.

திலகவதி: எந்த ஊரு?

குமரவேல்: காடாம்புலியூர் பக்கம். பெட்ரோல் லாரி மேல குண்டு விழுந்திச்சாம். உள்ள வைத்திலிங்கம். இவர் போயி இழுத்திருக்கார். இழுத்துப்போட்டு ஒரு நாளு வைத்திலிங்கத்துக்கு உசுரு இருந்திச்சாம். 'எங்க அம்மாவுக்கும் பட்டம்மாவுக்கும் யாரும் இல்ல, நீ போயி சொல்லு'ன்னு சொல்லிட்டு செத்துட்டார். இவரு ஆஸ்பத்திரியில ஏழெட்டு மாசம். அப்புறம் அங்கேர்ந்து யாருக்கும் சொல்லாம கெளம்பி, ரயிலு மாறி மாறி, கட்டுப் போட்ட மூஞ்சியோட நம்ம ஊருக்கு வந்து நின்னார். சேதி சொல்லிட்டுப் போயிடலாம்னு.

திலகவதி: ஏன் போவல?

குமரவேல்: பங்காளிங்க. வைத்திலிங்கம் ஓடிட்டான், வரமாட்டான்னு சொல்லி நெலத்துல ஏர் பூட்டிட்டாங்க. மாமியாரும் மருமவளும் வூட்ட வுட்டுப் போவணும்னு பஞ்சாயத்து வச்சிட்டாங்க. மறுநாளு பஞ்சாயத்து. மொத நாளு பொழுது சாய சொல்ல இவரு வந்து நிக்கிறார். வைத்திலிங்கத்தோட அம்மா இவரு சொன்னதெல்லாம் கேட்டுது. அழுவல. 'நாளைக்கு ஒரே ஒரு நாளு என் புள்ளையா இருந்துட்டுப் போ சாமி'ன்னு சொல்லிச்சாம்.

திலகவதி: ஒரு நாளு.

குமரவேல்: ஒரு நாளு. மூஞ்சி வெந்துட்டது, கொரலும் பொகையில கெட்டுட்டது. யாருக்கும் அடையாளம் தெரியல. பங்காளி மட்டும் நம்பல. கோயில்ல சூடம் கொளுத்தி வச்சி, பெத்தவ அணைச்சி சத்தியம் பண்ணட்டும்னு கேட்டான். அந்தக் கெழவி உள்ளங்கையால சூடத்த அணைச்சி, 'இவன் என் வயித்துல பொறந்தவன்'னு சொல்லிட்டு வந்துட்டா. அன்னிலேர்ந்து சாவற மட்டும் அந்தக் கோயில் வாசப்படி மிதிக்கல.

திலகவதி: ஆயா? பட்டம்மா ஆயா இன்னா சொல்லிச்சி?

குமரவேல்: தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திகினு பக்கத்துல நின்னுதாம். அவ்ளோதான். புருசன் செத்த சேதி கேட்டு ஒரு நாளு ஆவல. அழக்கூட முடியாது. அழுதா தெரிஞ்சிடும். ஆறு மாசம் கழிச்சி பட்டாளத்துலேர்ந்து தபாலு வந்திச்சி, இங்கிலீஷுல. யாருகிட்டயும் படிக்கக் குடுக்கல. அடுப்புல வச்சிட்டாங்க.

திலகவதி: ஏன் அப்பவே அவர் போயிருக்கக் கூடாது?

குமரவேல்: போனா பங்காளி மறுபடியும் வருவான். மாட்டினா, ஊரு இன்னா பண்ணும்? ஒரு காலனிக்காரன் ஊருத்தெருவுல, ஒரு பொண்ணுக்குப் புருசன்னு சொல்லிகினு... மூணு பேரையும் கட்டிவச்சிக் கொளுத்தியிருப்பாங்க. பட்டாளத்துலயும் தேடுறாங்க. எந்தப் பக்கமும் போவ வழி இல்ல. அப்புறம் வருசம் ஆச்சி. அப்பா பொறந்தார்.

திலகவதி: தாத்தா வருசத்துக்கு ஒரு தடவ காடாம்புலியூர் பக்கம் போவார். பலாப்பழம் வாங்கியாறேன்னு.

குமரவேல்: வெறுங்கையோட வருவார். பழம் நல்லா இல்லன்னுவார். காலனி ஓரத்துல டீக்கடையில உக்காந்துட்டு வருவாராம். தங்கச்சி தண்ணிக்குப் போறதப் பாத்துட்டு.

திலகவதி: பேசவே இல்லயா?

குமரவேல்: எப்படிப் பேசுவார்?

திலகவதி: அந்தத் தங்கச்சி இருக்காங்கண்ணா. மாணிக்கம்மாள். தொண்ணூறு வயசு.

குமரவேல்: உனக்கு எப்படித் தெரியும்?

திலகவதி: சாரோட பட்டியல்ல ரெண்டு பாகம். மொதல் பாகம் செத்தவங்க. ரெண்டாவது பாகம் தப்பி ஓடினவங்க. அதுல மூணாவது பேரு தங்கராசு. 'மருத்துவமனையிலிருந்து ஓடிப்போனவர்.' நீ அந்தப் பேரச் சொன்னதும்தான் எனக்கு அது ஞாபகம் வந்திச்சி. சார் அவங்க வூட்டுக்குப் போயிருக்கார். பட்டாளத்துலேர்ந்து ஆளு வந்து அந்த வூட்ட ரெண்டு தடவ கொடஞ்சாங்களாம். அவங்க அப்பாவ அடிச்சி இழுத்துகினு போயி நாலு நாளு வச்சிருந்தாங்களாம். புள்ளைய எங்க ஒளிச்சி வச்சிருக்கன்னு. ஓடிப்போனவன் வூடுன்னு அந்தக் காலனியிலயே பேரு.

குமரவேல்: போதும்.

திலகவதி: நம்ம வூட்டுக்குக் காவல் இருந்தவருக்காக அந்த வூட்டுல அடி வாங்கியிருக்காங்க.

குமரவேல்: போதும்னு சொல்றேன் இல்ல.

திலகவதி: எனக்கு ஒண்ணு கேக்கணும். கோவப்படாத.

குமரவேல்: கேக்காத.

திலகவதி: ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எழிலு ஒரு பையனப் புடிச்சிருக்குன்னு சொன்னா. கூட வேல பாக்குற பையன். தமிழ்மாறன். காலனிப் பையன்னு நீ அவள மூணு மாசம் ரூம்புல வச்சிப் பூட்டின. போன வாங்கி ஒடச்சிட்ட. ஊர்லேர்ந்து நாலு பேரக் கூட்டிகினு போயி அந்தப் பையன மெரட்டின. தெரிஞ்சே பண்ணியா? தாத்தா யாருன்னு தெரிஞ்சே?

குமரவேல்: தெரிஞ்சதாலதான்.

திலகவதி: இது இன்னா பதில்?

குமரவேல்: மத்தவன் பொண்ணு அப்படிப் பண்ணா ஊரு கொஞ்ச நாளு பேசிட்டு வுட்டுடலாம். நம்ம வூட்டுல நடந்தா பழசக் கெளறுவான். அப்பவே சொன்னாங்க, அந்த வூட்டு ரத்தம் அப்படின்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். நான் சின்ன வயசுலேர்ந்து எல்லாரையும்விட ஒரு படி மேல நின்னு கத்தியிருக்கேன் திலகா. திருவிழாவுல, கட்சிக் கூட்டத்துல. அந்தப் பையன் வூட்டு வாசல்ல நின்னு நான் பேசின பேச்சு... திரும்பி வந்து ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல எறங்கி வாந்தி எடுத்தேன்.

திலகவதி: அண்ணிக்குத் தெரியுமா?

குமரவேல்: யாருக்கும் தெரியாது. ஆயா என் தலையில கை வச்சி சத்தியம் வாங்கிச்சி. அப்பாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு. அவன் தாங்கமாட்டான்னு சொல்லிச்சி. இத்தன வருசம் அவர் மொகத்தப் பாத்து ஒரே வூட்டுல சோறு தின்னிருக்கேன். இனிமே மட்டும் எதுக்கு? எழுவத்தேழு வயசு. நிம்மதியாப் போவட்டும்.

திலகவதி: அண்ணா, மணி இன்னா?

குமரவேல்: மூணே முக்கால். ஏன்?

திலகவதி: கருணாகரன் சார் நாலு மணிக்கு இங்க வர்றார்.

குமரவேல்: எங்க?

திலகவதி: இங்கதான். போருல செத்தவரோட மகன்னு அப்பாவுக்கு சால்வ போத்தணுமாம். போட்டோ எடுத்து புத்தகத்துல போடணுமாம். அட்ரஸ் கேட்டார். நான் நேத்து குடுத்துட்டேன். சாதாரணமா குடுத்துட்டேன். வீட்டுக்குப் போயி தேதியப் பாத்தப்பறம்தான் எனக்கே ஒறைச்சிது.

குமரவேல்: கூப்புடு அவர. வராதன்னு சொல்லு.

திலகவதி: இன்னிக்கு அவர் ஸ்கூலுக்கு வரல. காலையிலேர்ந்து கூப்புடுறேன். எடுக்க மாட்டேங்கிறார்.

குமரவேல்: மறுபடியும் போடு.

திலகவதி: ரிங் போவுது. எடுக்கல.

குமரவேல்: அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, யாரையும் பாக்க முடியாதுன்னு வாசல்லயே சொல்லிடுறேன். நீ அவர்கிட்ட தனியாப் பேசு. அந்தப் பேர எடுத்துடச் சொல்லு. வேற வைத்திலிங்கம்னு சொல்லு. குடும்பத்துல யாருக்கும் இஷ்டம் இல்லன்னு சொல்லு. எதுவேணா சொல்லு.

திலகவதி: பர்மாவுல கல்லுல இருக்குற பேர யாரு எடுக்கிறது?

குமரவேல்: அங்க இருந்துட்டுப் போவட்டும். இங்க வரக் கூடாது. செவ்வாக்கெழம வரைக்குமாவது... சத்தம் கேக்குது. அப்பா எழுந்துட்டார். கண்ணத் தொட.

சுப்பிரமணியன்: கொமாரு, என் வெள்ளச் சட்டய எங்கடா வச்சா உங்கம்... எழிலு அம்மா?

குமரவேல்: பீரோவுல இருக்கும்ப்பா. எதுக்கு இப்ப? படு. வெயிலு தாழட்டும்.

சுப்பிரமணியன்: தெலகம், எப்பம்மா வந்த?

திலகவதி: இப்பதான்ப்பா. சும்மா... பாத்துட்டுப் போலாம்னு.

சுப்பிரமணியன்: அழுதியா?

திலகவதி: தூசு. பஸ்ஸுல வரும்போது.

சுப்பிரமணியன்: நெய்வேலியில தூசுக்கு ஏது பஞ்சம். சட்டய எடுத்துக் குடு. இந்தப் பித்தான் எனக்குப் போட வரல, நீயே போட்டுவுடு.

குமரவேல்: எங்கப்பா போற?

சுப்பிரமணியன்: எங்கயும் போவல. வூட்டுக்கு ஆளு வருது இல்ல. வாத்தியார்.

குமரவேல்: உனக்கு யாரு சொன்னா?

சுப்பிரமணியன்: அவருதான். காலையில நீ ஷிப்டுல இருக்க சொல்ல போன் பண்ணார்.

திலகவதி: உங்க நம்பருக்கா? நான் அட்ரஸ் மட்டும்தான குடுத்தேன்...

சுப்பிரமணியன்: ரிட்டயர் ஆனவங்க சங்கத்துல வாங்குனாராம். நல்ல மனுசன். ஒரு மணி நேரம் பேசினார்.

குமரவேல்: அப்பா, கேளு. அதெல்லாம் ஏதோ தப்பு. பேரு ஒண்ணா இருக்குறதால கொழம்பிட்டார். அவர் வந்தா நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்.

சுப்பிரமணியன்: பேசியாச்சிடா.

குமரவேல்: இன்னா பேசின?

சுப்பிரமணியன்: நான் தூங்கல கொமாரு. சுவரு அவ்ளோ மெல்லிசு. நீ ஆயாவுக்கு சத்தியம் பண்ணது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். பாவம், அந்த வயசுல. எனக்கு அப்பாரே சொல்லிட்டார். வேலைக்கு மொத நாளு போவ சொல்ல, ஏரிக்கரையில நிக்க வச்சி. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு நான் இருந்தேன்.

திலகவதி: ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர்... இத்தன வருசம்...

சுப்பிரமணியன்: எழிலு அந்த ரூம்புல இருந்துகினு கதவத் தட்டும். நான் இந்தக் கட்டில்ல படுத்துகினு கேட்டுகினு இருந்தேன். ஒரு வார்த்த பேசல. பயம். என் பேத்தி அழுவுது, எனக்கு பங்காளி மூஞ்சிதான் கண்ணுல தெரியுது.

குமரவேல்: அப்பா, அதெல்லாம் அப்புறம் பேசலாம். வாத்தியார்கிட்ட இன்னா சொன்ன?

சுப்பிரமணியன்: பேருங்கள வரிசையா படிச்சிக் காட்டினார். வைத்திலிங்கத்தப் படிச்சார். கும்புட்டுக்கினேன். அப்புறம் ரெண்டாவதப் படிச்சார். தங்கராசு, ஓடிப்போனவர்னு. அப்படியேதான் அச்சடிக்கிறாங்களாம்.

திலகவதி: அப்பா...

குமரவேல்: வாசல்ல வண்டி சத்தம். திலகா, நீ போயி நிறுத்து. போ.

சுப்பிரமணியன்: நிறுத்தாத. இந்தப் பித்தானப் போடு.

குமரவேல்: அப்பா, செவ்வாக்கெழம விசாரண. எழிலு நிச்சயம். எல்லாம் போயிடும்ப்பா. நம்மள உசுரோட வுடமாட்டாங்க. இன்னா சொல்லித் தொலச்ச அவர்கிட்ட?

சுப்பிரமணியன்: கடைசியா ஒண்ணு கேட்டார். 'ஐயா, போட்டோவுக்குக் கீழ வைத்திலிங்கம் மகன் சுப்பிரமணியன்னு போட்டுடலாங்களா'ன்னு.

குமரவேல்: சரின்னு சொன்ன இல்ல? சொல்லுப்பா. கதவத் தட்றாங்க.

சுப்பிரமணியன்: வேணாங்க, தங்கராசு மகன்னு போடுங்கன்னு சொன்னேன்.